நம் கொடி எது?

 

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் நூம்பலில் எங்கள் மக்தப் இருக்கும் தெருவில் மாணவர்கள் சிலர் பச்சைக் கொடிகளைக் கட்டினார்கள். வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும் அச்சிட்ட சிறு தாள் கொடிகள். சில நெகிழித் தாளில் ஆனவை. மீலாது விழா குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே நுழையவில்லை. பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கட்டினார்கள்; நானும் தடுக்கவில்லை.

அன்று அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "பாய், இது பாகிஸ்தான் கொடிதானே?"

"இல்லைங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் நெஞ்சு படபடத்தது. யாரேனும் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பிவிட்டால் என்னாகும்? பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது? மஃரிபுக்குள் எல்லாக் கொடிகளையும் நானே அவிழ்த்து, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒரு தகப்பனார் வந்து, "ஹஜ்ரத், நல்ல காரியம் செய்தீங்க. அந்த இடத்துல தேசியக் கொடியைக் கட்டிடுவோம், யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க" என்றார். அதற்கும் தலையசைத்தேன்.

மறுநாள் பாடவேளையில் பதினொரு வயது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத், நம்ம கொடி எது? நீங்க அவிழ்த்ததா, கட்டப் போறதா?"

அவனுக்கு அன்று என்னால் ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு படித்ததையும் சிந்தித்ததையும் திரட்டி, அவனுக்குச் சொல்லவேண்டிய விடையையே இக்கட்டுரையாக எழுதுகிறேன்.

பிறை மார்க்கத்தின் சின்னமா?

முதலில் நம் வீட்டுக் கணக்கைச் சரிபார்ப்போம். பிறை என்பது இஸ்லாத்தின் சின்னம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்தில் பிறைகளைப் பற்றிய கேள்விக்கு அல்லாஹ் விடையளிக்கிறான்: அவை மக்களுக்குக் காலம் காட்டுபவை, ஹஜ்ஜுக்குரிய நாளை அறிவிப்பவை என்பதே அதன் சாரம். நாம் பிறை பார்த்து நோன்பு வைக்கிறோம், பிறை பார்த்துப் பெருநாள் கொண்டாடுகிறோம். ஆக, பிறை நமக்கு நாள்காட்டி. அதைக் கொடியில் பொறிக்கச் சொல்லும் வசனமோ நபிமொழியோ கிடையாது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாதீர்கள் என்று எச்சரிக்கும் வசனம் உண்டு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கொடி எது? அவர்களுடைய பெரிய கொடியான ராயா கறுப்பு நிறமாகவும், லிவா எனும் கொடி வெள்ளை நிறமாகவும் இருந்தன என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் திர்மிதீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அந்தக் கறுப்புக் கொடி சதுர வடிவில், நமிரா எனும் கோடிட்ட கம்பளித் துணியால் ஆனது என்று பரா இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மக்கா வெற்றி நாளில் நபியவர்கள் நுழைந்தபோது அவர்களது லிவா வெள்ளையாக இருந்தது. இந்த அறிவிப்புகள் எதிலும் பிறை இல்லை, நட்சத்திரம் இல்லை.

நிறமும் நிலையாக இருக்கவில்லை. உமையாக்கள் வெள்ளைக் கொடியைப் பிடித்தார்கள். அவர்களை வீழ்த்திய அப்பாஸியர்கள் கறுப்புக் கொடியோடு வந்தார்கள். பிறை வடிவமோ இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக சாசானியரின் நாணயங்களிலேயே காணப்படுவது. பிறையும் நட்சத்திரமும் சேர்ந்த சிவப்புக் கொடியை உதுமானியப் பேரரசு தன் அரசுக் கொடியாக வரையறுத்தது 1844-இல். உலக முஸ்லிம்களின் பார்வையில் பிறை நிலைபெறுவதற்கு உதுமானியரின் செல்வாக்கே பெருங்காரணம். நம் மார்க்கத்தின் வயது பதினான்கு நூற்றாண்டுகள். அந்தக் கொடியின் வயது இரண்டு நூற்றாண்டுகள்கூட ஆகவில்லை.

இன்றும் பாருங்கள். உலகிலேயே மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவின் கொடி சிவப்பும் வெள்ளையும் மட்டுமே. சவூதி அரேபியாவின் கொடியில் பிறை இல்லை. வங்கதேசக் கொடியில் இருப்பது பச்சை நடுவே சிவப்பு வட்டம். மறுபுறம், முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும், தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரின் கொடியில் பிறை இருக்கிறது. வளரும் இளம் தேசம் என்பதே அங்கே அதற்குச் சொல்லப்படும் பொருள்.

இமாம்கள் பிறந்த மண்ணின் கொடிகள்

மேலே சொன்ன நபிமொழியைப் பாதுகாத்துத் தந்த இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் ஊர் திர்மித். ஜைஹூன் எனும் அமு தரியா நதிக்கரையில், இன்றைய உஸ்பெகிஸ்தானின் தென்கோடியில் உள்ளது. ஹிஜ்ரி 279-இல், அதாவது கி.பி. 892-இல் மறைந்தார்கள். அவர்களின் ஆசானாகிய இமாம் புகாரீ (ரஹ்) பிறந்த புகாராவும், அவர்கள் அடக்கமாகியுள்ள சமர்கந்துப் பகுதியும் அதே நாட்டில்தான் உள்ளன. நாம் மதரஸாவில் ஓதும் நூல்களில் எத்தனையோ அந்த மண்ணிலிருந்து வந்தவை.

அந்த மண்ணின் கொடி கடந்த நூறாண்டுகளில் பட்ட பாடு நமக்கெல்லாம் ஒரு பாடம். புகாராவை ஆண்ட அமீர்களின் ஆட்சி 1920-இல் வீழ்ந்தது. 1924-இல் உஸ்பெக் சோவியத் குடியரசு உருவாக்கப்பட்டது. கொடி சிவப்பாயிற்று. மக்கள் எழுதிவந்த அரபு எழுத்து அகற்றப்பட்டு லத்தீன் எழுத்து வந்தது; பிறகு அதையும் அகற்றி ரஷ்ய எழுத்து வந்தது. 1952-இல் வகுக்கப்பட்ட கொடியில் சிவப்பின் நடுவே வெள்ளைக் கரையிட்ட நீலப்பட்டையும், மூலையில் அரிவாள் சுத்தியலும் இருந்தன. இந்தக் காலத்தில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பெருமளவில் மூடப்பட்டன. 1940-களில் மீண்டும் திறக்கப்பட்ட புகாராவின் மீர்-இ-அரப் மதரஸா, நெடுங்காலம் அந்தப் பரந்த சோவியத் நிலத்தில் இயங்கிய விரல்விட்டு எண்ணத்தக்க மதரஸாக்களுள் ஒன்றாக விளங்கியது.

1991-இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் புதிய கொடி ஏற்கப்பட்டது. நீலம், வெள்ளை, பச்சை என மூன்று பட்டைகள், இடையே மெல்லிய சிவப்புக் கோடுகள், மேல்மூலையில் வெள்ளைப் பிறையும் பன்னிரண்டு நட்சத்திரங்களும். அங்கேயும் பிறைக்குப் புதிதாய்ப் பிறந்த குடியரசு என்றே விளக்கம் சொல்கிறார்கள். பன்னிரண்டு நட்சத்திரங்கள் ஆண்டின் மாதங்களையும் அந்நாட்டின் பழம்பெரும் வானியல் மரபையும் நினைவூட்டுகின்றன.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கொடியில் அரிவாள் இருந்தபோது அந்த மண்ணில் ஈமான் அழிந்துவிடவில்லை. வீட்டுக்குள், தாழிட்ட கதவுக்குப் பின்னால், பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கலிமாவைச் சொல்லிக்கொடுத்தார்கள். கொடியில் பிறை வந்துவிட்டதால் மட்டும் எவருடைய தொழுகையும் சீராகிவிடவும் இல்லை. கொடி ஆட்சியைக் காட்டும். அதைக் கொண்டு உள்ளத்தை அளக்க முடியாது.

நம் நாட்டுக் கொடியில் இருந்த பிறை

இனி நம் தாய்நாட்டுக்கு வருவோம். அந்த முதியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இதுதான்: பிறை இந்திய விடுதலைக் கொடிக்கு அந்நியமானதன்று.

1906 ஆகஸ்ட் 7-ஆம் நாள் கல்கத்தாவில், வங்கப் பிரிவினையை எதிர்த்த மக்கள் பார்சி பகான் சதுக்கத்தில் மூவண்ணக் கொடி ஒன்றை ஏற்றினார்கள். அதன் சிவப்புப் பட்டையில் ஒருபுறம் சூரியனும் மறுபுறம் பிறையும் இருந்தன. அடுத்த ஆண்டு அதன் சாயலில் அமைந்த ஒரு கொடியை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பன்னாட்டுப் பேராளர்கள் முன்னிலையில் பிகாய்ஜி காமா அம்மையார் விரித்துக் காட்டினார்.

நம் சென்னைக்கே வாருங்கள். அடையாற்றில் இருந்துகொண்டு அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய தன்னாட்சி இயக்கத்தின் 1917-ஆம் ஆண்டுக் கொடியில் ஐந்து சிவப்புப் பட்டைகளும் நான்கு பச்சைப் பட்டைகளும் மாறிமாறி இருந்தன. அவற்றின்மீது ஏழு முனிவர்களைக் குறிக்கும் ஏழு நட்சத்திரங்கள் இருந்தன. ஒரு மூலையில் பிரிட்டனின் கொடி. மற்றொரு மூலையில் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும். அவ்வாண்டு ஆங்கில அரசு அம்மையாரை உதகையில் காவலில் வைத்தபோது, தங்கியிருந்த வீட்டின் தோட்டத்தில் சிவப்பும் பச்சையுமான கொடியை ஏற்றியே தம் எதிர்ப்பைக் காட்டினார். அந்தக் கொடியில் பிறையை வைத்தவர்கள் எவரையும் அஞ்சவில்லை. எவருக்கும் சலுகை காட்டவும் இல்லை. இந்த நாடு எல்லோருக்கும் உரியது என்று அவர்கள் கருதினார்கள்.

1921-இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா, காந்தியடிகளிடம் சிவப்பும் பச்சையும் கொண்ட கொடியைக் காட்டினார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, மற்ற எல்லாச் சமூகங்களுக்குமாக வெள்ளை, நடுவே இராட்டை என்று அது விரிந்தது. ஆனால், ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு சமூகம் என்றால் எங்கள் நிறம் எங்கே என்று கேள்வி எழுந்தது. சீக்கியர்கள் அதை வலுவாகக் கேட்டார்கள். 1931-இல் காங்கிரஸ் ஒரு முடிவுக்கு வந்தது. காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசை ஏற்கப்பட்டது; நிறங்களுக்கு மதப்பொருள் இல்லை என்று தெளிவாக்கப்பட்டது. காவி துணிவுக்கும் தியாகத்துக்கும், வெள்ளை அமைதிக்கும் வாய்மைக்கும், பச்சை நம்பிக்கைக்கும் வீரத்துக்கும் உரியவையாயின.

இந்த மாற்றத்தை நம்மில் பலர் இன்றும் அறிவதில்லை. "கொடியில் பச்சை நமக்கு" என்று மேடைகளில் பேசுகிறோம். அப்படியானால் காவியும் வெள்ளையும் நமக்கு இல்லையா? 1931-க்குப் பிறகு அந்தக் கொடியில் நமக்கென ஒதுக்கிய பட்டை எதுவும் இல்லை. முழுக்கொடியும் நமக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கைக் கேட்டுப் பெருமைப்படுபவன், தன் பங்கு முழுமையானது என்பதை மறந்தவன்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஜவஹர்லால் நேரு கொடித் தீர்மானத்தை முன்மொழிந்தார். இராட்டையின் இடத்தில் இருபத்து நான்கு ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் வந்தது. அன்று அதை ஆதரித்துப் பேசியவர்களுள் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த சௌத்ரி கலீக்குஸ்ஸமானும் அஸ்ஸாமின் சையது முஹம்மது சஅதுல்லாவும் இருந்தார்கள். நாடு பிளவுபடவிருந்த அந்தக் கொந்தளிப்பான வாரங்களில் அவர்கள் எழுந்து நின்று, இக்கொடியின் மானத்தைக் காப்பது எல்லாக் குடிமக்களின் கடமை என்றார்கள். பின்னாளில் கலீக்குஸ்ஸமான் பாகிஸ்தான் சென்றார் என்பதும் வரலாறே. ஆனால் இங்கேயே தங்கிய கோடிக்கணக்கானோர் நம் பாட்டன்மார்கள். அவர்கள் இந்தக் கொடியின்கீழ் தங்கியது விதிவசத்தால் அன்று, தேர்ந்தெடுத்ததால். 1948 மார்ச்சில் சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கியதும் இந்தியாவின் அரசமைப்புக்கு உட்பட்டு நம் உரிமைகளைப் பேசத்தான்.

அந்தக் கட்சியின் பச்சைப் பிறைக்கொடியை 2019 தேர்தலின்போது வயநாட்டில் கண்டவர்கள் சிலர், பாகிஸ்தான் கொடி என்று நாடெங்கும் பரப்பினார்கள். பாகிஸ்தான் கொடியில் கம்பத்தை ஒட்டி அகன்ற வெள்ளைப் பட்டை உண்டு. அதைக் கவனித்தாலே வேறுபாடு விளங்கிவிடும். ஆனால் பரப்பியவர்களுக்கு வேறுபாடு தேவைப்படவில்லை. இந்த நிலை இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் ஓர் எளிய கேள்விக்கே நடுங்குகிறோம்.

நான் செய்த பிழை

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். கொடிகளை அவிழ்த்தது பிழையன்று. பிறைக்கொடி கட்டுவது மார்க்கக் கடமையன்று. கட்டாமல் விட்டால் குறையொன்றும் இல்லை. அச்சத்தால் அவிழ்த்ததுதான் பிழை. பிள்ளைகளின் கண்முன்னே, ஒரு சொல்லும் விளக்காமல், குற்றத்தை மறைப்பவனைப் போல அவிழ்த்தேன். குற்றமே இல்லாத இடத்தில் குற்றவுணர்வை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய பிழை, தேசியக் கொடியைக் கேடயமாகக் கட்டலாம் என்றதற்குத் தலையசைத்தது. தேசியக் கொடி நம்மீது சந்தேகப்படுபவர்களுக்குக் காட்டும் அடையாள அட்டையன்று. 1932-இல் திருப்பூரில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாத குமரன் எவருக்கும் நிரூபிக்க அதைப் பிடிக்கவில்லை. அச்சத்தால் ஏற்றும் கொடி, ஏற்றுபவனையும் தாழ்த்துகிறது, கொடியையும் தாழ்த்துகிறது. நம் வீட்டுப் பத்திரத்தை வழிப்போக்கர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டுகிறோமா? வீடு நம்முடையது, அதில் அமைதியாக வாழ்கிறோம்.

நம் முன்னோர் கொடியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு மூத்தா போர் சான்று. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு ஸைத் (ரலி) அவர்கள் கொடி ஏந்தி ஷஹீதானார்கள். ஜஅஃபர் (ரலி) ஏந்தினார்கள், ஷஹீதானார்கள். அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஏந்தினார்கள், அவர்களும் ஷஹீதானார்கள். பிறகு காலித் (ரலி) ஏந்திப் படையைக் காத்து மீட்டார்கள். அவர்கள் துணியை வணங்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காத்தார்கள். தேசியக் கொடிக்கு மரியாதை செய்வது இணைவைப்பாகுமா என்று என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கும் இதுவே என் விடை. வணக்கம் என்பது உள்ளத்தின் அடிபணிதல். அது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஓர் ஒப்பந்தத்தின் அடையாளத்துக்கு முன் நேராக நிற்பது வணக்கமாகாது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, கலிமா அச்சிட்ட தாள் கொடிகளையும் நெகிழிக் கொடிகளையும் அடியோடு நிறுத்துவோம். விழா முடிந்த மறுநாள் அவை பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்திலும் மழைநீர்க் கால்வாயிலும் கிடப்பதை நாம் அனைவரும் பார்க்கிறோம். அல்லாஹ்வின் திருநாமத்தை நாமே காலடியில் போட்டுவிட்டு, அதைக் கண்ணியம் என்று அழைப்பது எப்படி?

இரண்டாவதாக, தேசியக் கொடியையும் அவ்வாறே பேணுவோம். கொடிச் சட்டப்படி தாள் கொடிகளைக்கூடத் தரையில் எறியக்கூடாது. நெகிழிக் கொடியைப் பயன்படுத்தவே கூடாது. கொடியேற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உறுதிசெய்திருக்கிறது. நம் மக்தப்களில் சுதந்திர நாளிலும் குடியரசு நாளிலும் முறைப்படி ஏற்றுவோம், அந்த உரிமையின் மகிழ்ச்சியோடு.

மூன்றாவதாக, பிள்ளைகளைச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வோம். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏறிய பட்டுக்கொடி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நிறம் மங்கிய அந்தத் துணியின் முன்னால் நின்று 1906-இன் பிறையிலிருந்து 1947-இன் சக்கரம்வரை கதையைச் சொல்லுங்கள். அதன்பின் எவர் கேட்டாலும் அந்தப் பிள்ளை நடுங்க மாட்டான்.

நான்காவது, எனக்கு நானே சொல்லிக்கொள்வது: கேள்வி கேட்பவர் எல்லோரும் பகைவர் அல்லர். கொடிகளை அவிழ்த்த மூன்றாம் நாள் அந்த முதியவரே என்னிடம் வந்தார். "பாய், தெரியாமத்தான் கேட்டேன். பசங்க ஆசையா கட்டினதை ஏன் அவிழ்த்துட்டீங்க?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, அன்னி பெசன்ட் அம்மையாரின் கொடியைப் பற்றிச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். முதல்நாளே நின்று பேசியிருந்தால் இத்தனை கலக்கம் வந்திருக்காது.

அந்த மாணவனுக்கும் இப்போது விடை சொல்லிவிட்டேன். "தம்பி, மூவண்ணக் கொடி நம் நாட்டின் கொடி, ஆகவே அது நம் கொடி. பிறை நமக்கு நாள் சொல்வது. ஆகவே வானத்தில் அதைத் தேடு. நீ முஸ்லிம் என்பதைக் காட்டும் கொடி உன் கையில் இல்லை. உன் நாவிலும் நடத்தையிலும் இருக்கிறது."

அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அலமாரியில பூட்டி வச்ச கொடிகளை என்ன பண்றது ஹஜ்ரத்?" என்றான். பூட்டைத் திறந்து அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அச்சமற்ற ஈமானையும், அண்டை வீட்டாரோடு நல்லுறவையும், பிறந்த மண்ணின்மீது நேர்மையான பற்றையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.